கிணற்றில் இறங்கிய பச்சை

கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று சொட்டக்காவைத்தான் கேட்க வேண்டும். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து போடுவது அவள் வேலை. லாரி ஓட்டுகிற ஆள் ஒருவன் மலை மாதிரி வந்து உட்காருவான். மருந்துக் குப்பியைக் கண்டதும் இமையை இறுக்கி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வான்.

"மேல பாருங்க" என்பாள் அவள்.

அவன் அவளைப் பார்ப்பான்.

"நான் மேல இல்லண்ணே. கூரைதான் மேல இருக்கு. அதைப் பாருங்க."

அவனுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கிற ஆளால் கண்ணை இறுக்க முடியாது. அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தாள். ரத்தம் கட்டிய கண்ணைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத பெண் என்று கவனித்த டாக்டரம்மா, துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு மருந்துத் தட்டைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஊருக்கே அவள் சொட்டக்கா ஆனாள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எவர் வந்து ஒரு கண் வலிக்கிறது என்றாலும் இரண்டு கண்ணையும் பார்த்தாக வேண்டும். "வலிக்கிற கண்ணு தானே கத்திச் சொல்லிடும். வலிக்காத கண்ணை நாமதான் போய் விசாரிக்கணும்" என்பார். வலிக்காத கண்ணில்தான் கோளாறு அதிகம் என்று தெரிந்த நாட்கள் பல. நோயாளிகள் முனகுவார்கள், சொட்டக்கா விடமாட்டாள்.

அந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு சாயம். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கண்ணில் தூசி கீறியிருந்தால் அதைத் துளி தடவி நீல விளக்கை அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் பச்சைப் பசேலென்று ஒளிரும். இருக்கிறதை இருக்கிற இடத்தில் காட்டும். யார் கண், எந்த வீட்டுக் கண் என்று பார்க்காது. மனிதர்களுக்கு வராத குணம்.

வீட்டுக்கு வருவோம். வீட்டைக் கட்டியவர் அவள் மாமனார். கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். தெருவில் பாதி வீடுகள் அவர் கை பட்டவை. ஆனால் அவர் பெருமையெல்லாம் சொந்த வீட்டுக் கிணற்றில் இருந்தது. விருந்தாளி வந்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டுவார். குடிக்கவும் விடமாட்டார். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஒரு தூசு? ஒரு துரும்பு? இப்ப குடிங்க. இனிக்குதா?" இல்லை என்று சொல்லும் தைரியம் எந்த விருந்தாளிக்கும் வந்ததில்லை.

மாமியாருக்குச் சுத்தம்தான் உயிர். மகன் ஆசையாக வாங்கித் தந்த சலவை இயந்திரம் மடித்த துணிகளை அடுக்கும் மேசையாக நின்றது. "அது துணியைச் சுத்தவிட்டு வேடிக்கை காட்டுது. அழுக்கு எங்க போகுது?" என்பார். கிணற்றடியில் ஒரு பெரிய துவைக்கல். காலையில் அவர் போர்வையை ஓங்கி அடித்தால் எதிர்வீட்டுத் தையல்காரர் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார். அந்த மகன், அதாவது சொட்டக்காவின் கணவன், மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறவன். நல்லவன். அம்மா பேசினாலும் தலையாட்டுவான், மனைவி பேசினாலும் தலையாட்டுவான். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் கடைக்குப் போய்விடுவான்.

பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும் காலியாக இருந்தன. அதில் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது சொட்டக்காதான். அந்த ஆள் நகராட்சியில் கழிவுநீர்க் கால்வாய் அடைப்பெடுக்கிறவர். மனைவி பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறாள். ஒரு சின்ன மகன். மகனுக்குக் கண்ணில் கட்டி என்று மருத்துவமனைக்கு வந்தபோது அந்த மனைவிதான் சொன்னாள், எத்தனையோ வீடு ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை என்று. வேலை என்னவென்று கேட்டதும் வீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் குடிவரத் தயாராகிவிடுகிறார்களாம். ஊரின் அசிங்கத்தை ஒருவன் அள்ள வேண்டும். அள்ளிய பிறகு அவன் மட்டும் ஊரில் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை, எல்லாரும் பிழையில்லாமல் போடுகிறார்கள். சொட்டக்கா மாமனாரிடம் பிடிவாதம் பிடித்தாள். "நல்ல மனுஷங்க, மாமா. நான் பொறுப்பு" என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் சாவியைக் கொடுத்தார்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தது. மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் பின்வீட்டுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சொட்டக்காவின் மகள் படுத்தாள். பிள்ளை துவண்டு போனதும் வீடே ஆடிப்போயிற்று. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் மருந்துமாக அவள் எழுந்து உட்கார்ந்து, சாப்பாட்டில் குறை சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. வைத்தியம் பார்த்த டாக்டர், வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றதும், "பரிசோதிச்சுட்டு வாங்க" என்றார்.

மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தண்ணியையா? கண்ணாடி மாதிரி இருக்கும்மா."

"கண்ணாடி மாதிரி இருக்கிற கண்ணுல கூடப் பார்வை இல்லாம நிறையப் பேர் வராங்க, மாமா" என்றாள் சொட்டக்கா. பரிசோதனைக்கூடத்தில் தந்த கிருமி நீக்கிய பாட்டிலை, சொன்னபடி உள்பக்கம் விரல் படாமல் பிடித்து நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முடிவு வந்தது. தண்ணீரில் மலக்கிருமி.

மாமியார் அந்தக் காகிதத்தைக் கீழே வைத்தார். மறுகணம் கிணற்றடிக்குப் போனார். அங்கே பின்வீட்டுக்காரி வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கயித்தை விடு. சாக்கடையில கைய விட்டுட்டு வந்து அதே கையால எங்க கெணத்தைத் தொட்டா வேற என்ன வரும்? இனிமே இந்தக் கெணத்துல யாரும் கை வைக்கக் கூடாது. மாசம் முடிஞ்சதும் வேற இடம் பாத்துக்குங்க."

தையல்காரரின் மெஷின் நின்றது. ஜன்னல்கள் திறந்தன. தெருவே கேட்டது.

பின்வீட்டுக்காரி கயிற்றை விட்டாள். ஆனால் பேச்சை விடவில்லை. "என் புருஷன் காலையில குளிச்சது போக, வேலை முடிஞ்சும் அங்கேயே சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வர்றாரு. உங்க வீட்டுல யாரு தெனமும் ரெண்டு தடவை குளிக்கிறாங்க, சொல்லுங்க பாப்போம். அப்புறம், எம்புள்ளைதான் முதல்ல படுத்தான். நாங்களே விஷம் வச்சு நாங்களே முதல்ல குடிச்சோமா?"

நியாயமான கேள்வி. மறுநாளிலிருந்து அவள் தெருக்கோடிக் குழாயில் வரிசையில் நின்று குடம் சுமந்தாள்.

சொட்டக்கா மாமியாரிடம் வாதாடிப் பார்த்தாள். "அத்தை, கயித்தைத் தொட்டதால இவ்வளவு கிருமி வராது."

"அப்ப எங்கிருந்து வந்துச்சு? நீ சொல்லு, கேக்குறேன். கூட்டிட்டு வந்தது நீதானே, பொறுப்புன்னு சொன்னதும் நீதானே?"

அதுதான் அவளைக் குத்தியது. தெரியாது என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தை மறுபடி தெருவில் நிறுத்த அவளால் முடியாது. மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும்.

பரிசோதனைக்கூடத்துப் பெண்ணிடமே போய்க் கேட்டாள். அந்தப் பெண் ஓயாமல் சூயிங்கம் மெல்லுகிறவள். பேச்சில் சுற்றி வளைப்பே கிடையாது. "கை பட்டதுனாலயா? கிடையாதுக்கா. எங்கேயோ கழிவு கசிஞ்சு உள்ள வருது. மழைக்குத் தண்ணி மட்டம் ஏறுனதும் கலந்திருக்கு. அதை அடைக்கிற வரைக்கும் குடிக்கிற தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வச்சுக் குடிங்க."

"பிளீச்சிங் பவுடர் போட்டா?"

"போடலாம். ஆனா ஓட்டையை அடைக்காமப் போட்டா, ஒழுகுற கூரையை விட்டுட்டுத் தரையைத் துடைக்கிற மாதிரி. துடைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"ஓட்டை எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்தப் பெண் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தாள். உள்ளே செம்மஞ்சள் தூள். "இதைக் கழிவறையில கொட்டித் தண்ணி ஊத்துங்க. கிணத்துல பச்சை வந்தா, வழி அதுதான். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. கண்ணுக்குக் கூடப் போடுவாங்களாம்."

சொட்டக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்கே சொல்றியா?" என்று பொட்டலத்தை வாங்கி, பழைய சிநேகிதியைப் பார்த்தது போல் பார்த்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் துள்ளி எழுந்தார். "போடு. அவங்க கக்கூஸ்ல போடு. குட்டு வெளிப்படட்டும்."

பின்வீட்டுக் கழிவறைக்குத் தனிக் குழி, மனையின் தூரத்து மூலையில், கிணற்றைவிடப் பள்ளத்தில் இருந்தது. அங்கே பாதித் தூளைப் போட்டார்கள். நகராட்சிக்காரர் கைகட்டி நின்று பார்த்தார். "என் வாழ்க்கையில என் கக்கூஸுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்ல" என்றார். அதன் பிறகு நாள்தோறும் காலையில் சொட்டக்கா ஒரு டம்ளர் கிணற்று நீரை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் நீல விளக்கில் பார்த்தாள். பச்சை இல்லை. ஒரு வாரம் ஓடிற்று. அப்போதும் இல்லை.

"அவ்வளவு தண்ணியில கரைஞ்சு போயிருக்கும்" என்றார் மாமியார்.

"சரி அத்தை. அப்ப நம்ம கக்கூஸ்லயும் போட்டுப் பாத்துடலாம்."

மாமனார் பத்திரிகையை மடித்தார். "எதுக்கும்மா? நம்ம குழி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கெணத்துலேருந்து எவ்வளவு தூரம் தள்ளணும்னு தெரிஞ்சு, அதுக்கும் மேல தள்ளி நான் கட்டுனது."

"தெரியும் மாமா. ஆனா எங்க வேலையில ரெண்டு கண்ணையும் பாக்காம விடமாட்டோம். அவங்களுதைப் பாத்தாச்சு. நம்மளுதைப் பாக்கலைன்னா அது பரிசோதனை இல்ல, பழி."

கணவன் செருப்பைத் தேடினான். "நீங்க எங்கயும் போக வேணாம், உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தான். அதுவே ஒரு சம்மதமாயிற்று. மீதித் தூளை மாடிக் குளியலறையின் கழிவறையில் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் ஞாயிறு. சொட்டக்கா அடுப்படியில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் வழக்கம்போல் கிணற்றடியில் குளிக்க உட்கார்ந்தார். தலை முழுக்கச் சோப்பு, கண்ணை மூடிக்கொண்டு வாளி நீரை மொண்டு மொண்டு ஊற்றினார். கண்ணைத் திறந்தபோது பின்வீட்டுப் பையன் எதிரே நின்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"தாத்தா, உங்க மீசை பச்சையா இருக்கு."

வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. நரைத்த மீசை, மார்பு ரோமம், இடுப்பில் வெள்ளைத் துண்டு, தரையில் ஓடுகிற தண்ணீர், எல்லாம் இளந்தளிர்ப் பச்சையில் பளபளத்தன. மாமனார் வாளிக்குள் பார்த்தார். கிணற்றுக்குள் பார்த்தார்.

வீடே ஓடி வந்தது. மாமியார் கணவனைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "முதல்ல துண்டை மாத்துங்க" என்றார். பின்வீட்டுக்காரி சுவரோரம் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நகராட்சிக்காரர் மட்டும் அடக்கமாகக் கேட்டார்: "எங்க வீட்டுப் பச்சையா இது, உங்க வீட்டுப் பச்சையா?"

மாமனார் தலையைக்கூடத் துவட்டாமல் மாடியைப் பார்த்தார், பிறகு கண்ணாலேயே சுவர் வழியாக இறங்கி, தரையில் நடந்து, துவைக்கல்லில் வந்து நின்றார். ஒரு கட்டடக்காரரின் மூளை வேலை செய்வதை முகத்திலேயே பார்க்க முடிந்தது. மகன் கல்யாணத்தின்போது, வருகிற மருமகளுக்கு மாடியிலேயே குளியலறை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியவர் அவர். குழி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மாடியிலிருந்து குழிக்குப் போகும் குழாயைக் குறுக்கு வழியில், கிணற்றடி வழியாக ஓட்டியிருந்தார். குழிக்குத்தானே தூரம் சொல்லியிருக்கிறது, குழாய்க்கு என்ன என்று அன்றைக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் குழாய்க்கு மேலேதான் பிறகு துவைக்கல்லைப் போட்டார்கள்.

கடப்பாரையை அவரே எடுத்தார். கல்லைப் புரட்டித் தோண்டியபோது, குழாயின் இணைப்பு சரியாகக் கல்லுக்கு அடியில் விண்டு, வாய் பிளந்து கிடந்தது. ஆண்டுக்கணக்காக ஈரத்தில் ஊறிய மண்ணும், தினமும் விழுந்த அடியும் சேர்ந்து செய்த வேலை. அழுக்கே ஆகாது என்று ஓங்கி ஓங்கி அடித்த போர்வைகள்தான் வீட்டுக் கழிவைக் கிணற்றுக்குத் திறந்துவிட்டிருந்தன. கிருமிக்கு வேடிக்கை பார்க்கும் பழக்கம் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

"தம்பி, கொஞ்சம் கை கொடேன். உனக்கு இந்த வேலை பழக்கம்" என்றார் மாமனார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஞாயித்துக்கெழமை எனக்கு லீவுங்க, மேஸ்திரி" என்றார் நகராட்சிக்காரர். நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, மனைவி கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். "நல்லாத்தான் தோண்டுறீங்க. நகராட்சியில ஆள் எடுக்குறாங்க, சொல்லட்டுமா?"

மாமனார் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொட்டக்கா அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் அடுப்படிக்குத் திரும்பினாள். வைத்த தண்ணீர் பாதியாகச் சுண்டியிருந்தது.

வேலை நாள்கணக்கில் இழுத்தது. குழாயை வீட்டின் மறுபக்கமாகத் திருப்பி, கிணற்றை நெருங்காமல் குழிக்குக் கொண்டுபோனார்கள். கிணற்றைச் சுற்றிச் சிமென்ட் தளத்தை உடைத்து, சிந்துகிற தண்ணீர் வெளிப்பக்கமே ஓடும்படி சரிவு வைத்துப் போட்டார்கள். சுற்றுச்சுவரை உயர்த்தி, மேலே இரும்பு மூடி வந்தது. மூடிக்கு மட்டும் மாமனார் தயங்கினார், கிணறு வானத்தைப் பார்க்க வேண்டாமா என்று. "வானத்துலேருந்துதான் மாமா காக்கா எச்சம் விழுது" என்றாள் சொட்டக்கா. துவைக்கல் கொல்லைக்கோடிக்குப் போனது. சலவை இயந்திரம் மேசை வேலையிலிருந்து விடுபட்டது.

அந்த வேலை முடியும்வரை எல்லாருக்கும் தெருக்கோடிக் குழாய்தான். மாமியார் வாழ்க்கையில் முதல்முறையாகக் குடத்தோடு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பின்வீட்டுக்காரி நின்றாள். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் ஒருநாள் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியபோது, பின்வீட்டுக்காரி பாதிக் குடத்தோடு விலகி, "நீங்க பிடிங்க, உங்க வீட்டுல பெரியவரு இருக்காரு" என்றாள். மாமியார் குடம் நிறையும்வரை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிணற்றை இறைத்துக் காலி செய்து, பரிசோதனைக்கூடத்துப் பெண் சொன்ன அளவுக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அந்த நெடி போகும்வரை மறுபடி இறைத்து, புதுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை. "வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் பெருமழை பெய்ஞ்சா ஒரு தடவை. மறக்காதீங்க" என்றாள் அந்தப் பெண், சூயிங்கத்தைக் கன்னம் மாற்றிக்கொண்டே.

மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. பின்வீட்டில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். போகாதீர்கள் என்று சொட்டக்கா சொன்னாள், மாமனார் சொன்னார், கணவன்கூட வாயைத் திறந்து சொன்னான். "சொன்னவங்க இன்னும் மாத்திச் சொல்லலையே" என்று பின்வீட்டுக்காரி பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை மாமியார் பின்வீட்டு வாசலில் போய் நின்றார். சொட்டக்கா தள்ளி நின்றாள். இதில் சொட்டு மருந்து போட அவளால் முடியாது.

"கெணத்துல தண்ணி எடுத்துக்க. போக வேணாம்" என்றார் மாமியார் தணிந்த குரலில். "கெணத்தைத் தொடாதேன்னு நான் சொன்னது தப்பு."

பின்வீட்டுக்காரி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கோபமாக இல்லை, கணக்கு நேராக வேண்டும் என்கிற முகம். "வீட்டுக்காரம்மா, தொடாதேன்னு நீங்க சொன்னப்ப தெருவே கேட்டுச்சு. இதை எனக்கு மட்டும் சொன்னா எப்படி?"

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் கூரையைப் பார்த்தாள்.

மெல்ல நடந்து கிணற்றடிக்குப் போனார். இரும்பு மூடியைத் தூக்கினார். வாளியையும் கயிற்றையும் எடுத்துப் பின்வீட்டுக்காரியின் கையில் கொடுத்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"கெணத்துல கலந்தது எங்க வீட்டுக் கழிவு. ஒடைஞ்சது எங்க குழாய். இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பாப் பேசுனேன்."

எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரர் தலையை நீட்டினார். "மெஷின் ஓடிட்டிருந்துச்சு, சரியாக் கேக்கலைங்க. என்ன சொன்னீங்க?"

மாமியார் பல்லைக் கடித்தார். பிறகு முழுவதையும் இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னார்.